ஒரு சிலந்தியின் இனிஷியல்

ஜூன் 23, ஞாயிறு

இன்று காலை, தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போது, நான் பெரிய ஆளாகிவிட்டேன்.

டென்மார்க்கிலிருந்து ஹென்ரிக் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். சிலந்திகளைப் பிரித்துப் பெயர் சொல்வதில் பெரிய மனிதர். நான் அனுப்பிய சிலந்தியை அவருடைய அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய மாதிரிகள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டாராம். இதுவரை யாரும் விவரிக்காத புதிய இனமாம். லைக்கோசா என்ற பேரினத்தில் சேரும் என்று நினைக்கிறாராம். கடைசி வரி: "வாழ்த்துகள், டாக்டர் தங்கதுரை."

தோசை கரிந்துவிட்டது. கரிந்த தோசையை இவ்வளவு பெருமையோடு தின்றவள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நடப்பதை இனி ஒழுங்காக எழுதி வைக்கப் போகிறேன். நாளை யாராவது என் வாழ்க்கை வரலாற்றை எழுத வந்தால் தடுமாறக் கூடாது. பெயர் இசக்கியம்மாள். மகளிர் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. வயது நாற்பத்திரண்டு, பார்த்தால் தெரியாது. வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் கொஞ்ச தூரம் போனால் தேரி வந்துவிடும். கண்ணுக்கெட்டிய வரை சிவந்த மணல்மேடு, நடுநடுவே பனையும் உடைமரமும். போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு அந்தச் சிவப்பில் சிவப்பாக ஒரு ஓநாய்ச்சிலந்தி ஓடியதைப் பார்த்தேன். இந்தச் சிலந்திகள் வலை கட்டி உட்கார்ந்திருக்கிற ஜாதி அல்ல. ஓடிப் பிடித்துத் தின்பவை. நம் பக்கத்தில் இருப்பதெல்லாம் சாம்பல் நிறமும் கறுப்புமாகத்தான் இருக்கும். இது செங்கல் பொடியில் புரண்டு எழுந்ததுபோல் இருந்தது. புதுசு என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. உலகத்துக்குத் தெரிய இத்தனை நாள் ஆயிற்று, அவ்வளவுதான்.

எதிர்வீட்டு ஜெபமணி அக்காவுக்குப் பால்கோவா கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்ன டீச்சர், விசேசம்? சார் வந்துட்டாவளா?"

"இல்லக்கா. ப்ராஜெக்ட் இன்னும் முடியல."

சென்னையில் ப்ராஜெக்ட் என்றால் அப்படித்தான், இழுத்துக்கொண்டே போகும். சிலந்திப் பாட்டில்களைக் கணவருடைய பீரோவில் அடுக்கிவிட்டேன். சும்மாதானே கிடக்கிறது.

ஜூன் 24, திங்கள்

முதலாண்டு வகுப்பு. உயிரினங்களுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறை. முதலில் பேரினம், அடுத்து சிற்றினம். ஒரு தடவை முழுதாக எழுதிவிட்டால் அப்புறம் பேரினத்துக்கு முதல் எழுத்தும் புள்ளியும் போதும். பாடப்புத்தகம் இதைச் சொல்ல இரண்டு பக்கம் எடுத்துக்கொள்கிறது. நான் ஒரே மூச்சில் முடித்துவிடுவேன்.

"நம்ம ஊர் வழக்கம்தான் பிள்ளைகளா. இனிஷியல் முன்னால, சொந்தப் பேரு பின்னால. இனிஷியல் எந்தக் கூட்டத்துல பிறந்ததுன்னு சொல்லும். பேரு, அது யாருன்னு சொல்லும்."

மூன்றாவது பெஞ்ச் பிரின்சி எழுந்தாள். அவள் எழுந்தாலே வகுப்பு சிரிக்கத் தயாராகிவிடும்.

"மேம், அப்போ கல்யாணம் ஆனா சிலந்திக்கு இனிஷியல் மாறுமா?"

"கல்யாணத்துல மாறாது. ஆராய்ச்சியில மாறும். இது அந்தக் கூட்டம் இல்ல, இந்தக் கூட்டம்னு ஒருத்தர் நிரூபிச்சா இனிஷியல் மாறிடும். ஆனா சொந்தப் பேரு மாறாது. ஒரு தடவை முறையா அச்சுல வந்துட்டா, வச்சவரே நினைச்சாலும் மாத்த முடியாது."

"பேசாம சிலந்தியாப் பிறந்திருக்கலாம்" என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

ஜூலை 6, சனி

விடிகிற நேரத்தில் தேரியில் இருந்தேன். புதிய இனத்தை அறிவிக்கும் கட்டுரையில் வாழிடம், நடத்தை பற்றிய பகுதியை நான் எழுத வேண்டும். வகைப்பாட்டு விவரம் ஹென்ரிக்குடையது.

காற்று காலையிலேயே மணலை வாரி அடித்தது. ஆடி பிறந்தால் இன்னும் மோசம். மேடே இடம் மாறிவிடும். ஆனால் என் சிலந்தி குழிவாயில் மணலைப் பட்டு இழையில் கோத்து ஒரு கழுத்து கட்டி வைத்திருக்கிறது, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுவதுபோல. மேலே மணல் எவ்வளவு பறந்தாலும் குழி தூர்வதில்லை. மத்தியானம் மேல்மணலில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. குழிக்குப் பக்கத்தில் முழங்கை ஆழம் தோண்டிப் பார்த்தால் பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி. காலடியில் அடர்த்தியாக மயிர் இருப்பதால் நாம் புதைகிற இடத்தில் அது ஓடுகிறது. இன்று ஒருத்தி முதுகு கொள்ளாத குஞ்சுகளைச் சுமந்துகொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடவில்லை. முன்கால் இரண்டையும் தூக்கி நின்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

நான் குப்புறப் படுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கிற வேலாத்தா மேலே வந்து நின்றாள்.

"என்ன டீச்சர், கம்மலத் தொலச்சிட்டியளா?"

"இல்ல. சிலந்தி தேடுதேன்."

"ஏன், வீட்டுல ஒட்டடையே இல்லையாக்கும்!"

ஜூலை 9, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர். உள்ளே சுற்றிய கம்பி, அந்தக் காயில், எரிந்துபோய்விட்டதாம். தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்தேன். ஓர் ஆளுக்கு ஒரு குடம் தாராளம்.

ஜூலை 20, சனி

உள்தேர்வுத் தாள் திருத்தினேன். 'தகவமைப்பு என்றால் என்ன?' என்ற கேள்விக்கு ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "தகவமைப்பு என்பது சூழ்நிலையை அனுசரித்துப் போவது." பூஜ்யம் போட்டு, ஓரத்தில் கோபமாகவே எழுதினேன். எந்தச் சிலந்தியும் அனுசரித்துச் சிவப்பாகவில்லை. கறுப்பாகப் பிறந்தவற்றைக் குருவி கொத்திக்கொண்டு போயிற்று. சிவப்பாகப் பிறந்தவை பிழைத்தன, குஞ்சு பொரித்தன, அவற்றுள்ளும் இன்னும் சிவப்பானவை பிழைத்தன. எத்தனையோ தலைமுறை. பல்லைக் கடித்துக்கொண்டு நிறம் மாறிய ஒரு சிலந்தியைக் காட்டட்டும், முழு மதிப்பெண் தருகிறேன்.

பேனாவை மூடுவதற்குள் அம்மா போன். தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

"ஏட்டி இசக்கி, ஆடி அமாவாசைக்கு மாப்ள வாராராட்டி?"

"ப்ராஜெக்ட்மா."

"என்ன பொல்லாத ப்ராஜெக்ட்டு, வருசக்கணக்கா. நீயா ஒரு போனைப் போட்டா கொறஞ்சா போயிருவ? பொம்பள கொஞ்சம் அனுசரிச்சுப் போவணும்."

அம்மாவுக்கும் பூஜ்யம் போட்டிருப்பேன். பெற்றவளாக இருப்பதால் தப்பித்தாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கட்டுரையின் புரூஃப் வந்துவிட்டது. திருத்தம் இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அச்சு.

முதல் செய்தி, லைக்கோசா இல்லை. கண்களின் அமைப்பை மறுபடி பார்த்துவிட்டு ஹொக்னா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார். எல். போய் ஹெச். வந்தது. சரி, இனிஷியல்தானே.

இரண்டாவது செய்தி, பெயர். இதுவரை என்னிடம் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தார். வியப்பூட்ட நினைத்தாராம்.

ஹொக்னா தங்கதுரையே.

கடைசியில் இருக்கிற 'ஏ' லத்தீன் விகுதி. பெண்ணின் பெயரால் வைத்தால் அப்படி முடியும். இன்னாருடையது என்று பொருள். கீழே விளக்கம்: 'இவ்வினத்தைக் கண்டறிந்த டாக்டர் தங்கதுரையின் கூரிய கண்களைப் போற்றி, அவருடைய குடும்பப் பெயரால்.'

குடும்பப் பெயராம்! எங்கள் வம்சத்தில் யாருக்கும் அப்படி ஒன்று இருந்ததில்லை. இருந்தது ஓர் இனிஷியல். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா சுடலைமுத்துவின் சு., அப்புறம் கணவர் தங்கதுரையின் த. முதன்முதலில் வெளிநாட்டுக்குக் கட்டுரை அனுப்பியபோது 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அந்த இணையதளம் மேலே போக விடவில்லை. த.வை விரித்துப் போட்டேன். அன்றிலிருந்து கடல் தாண்டினால் நான் டாக்டர் தங்கதுரை. தமிழ்நாட்டில் பாதி ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தக் கதைதான். வெளிநாட்டுக்காரர்கள் நம் அப்பாமார்களை வாயார மெச்சிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழில் வாசித்தால் இன்னும் அழகு. இந்தச் சிலந்தியைக் கண்டுபிடித்தது யார்? தங்கதுரையே! குளியலறையில் எட்டுக்கால் பூச்சியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நிற்கிற மனிதர்.

புதனுக்குள் ஒரு வரி எழுதினால் மாற்றிவிடுவார். எழுத உட்கார்ந்தேன். ஏன் மாற்ற வேண்டும் என்று ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. துணி துவைக்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

அம்மாவிடம் சிரிப்பாகச் சொல்லலாம் என்று நினைத்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"மாப்ள பேரா? ஏட்டி, அந்த அம்மனே கண்ணைத் தொறந்துட்டா. மாத்தாத! ஆம்பளைக்குப் பேருன்னா ஒரு இது. ஓடி வந்திருவாரு பாரு."

"நான் கண்டுபிடிச்சதும்மா அது."

"யாரு இல்லேன்னா? உலகத்துல எத்தனையோ பூச்சி கெடக்கு, அடுத்ததுக்கு உன் பேர வச்சுக்க. குடும்பம் ஒண்ணுதான் இருக்கு."

மத்தியானம் தம்பி போன் செய்து, அம்மா ஏற்கெனவே சென்னைக்குப் பேசிவிட்டாள் என்றான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜெபமணி அக்கா சாளைமீன் குழம்பு கொடுத்தார்கள். நல்ல மீன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து அவர் கூப்பிட்டார். போன வருடம் மே மாதத்துக்குப் பிறகு இப்போதுதான்.

"ஈஷா! கங்கிராட்ஸ்!"

கல்யாணமான புதிதில் வைத்த பெயர் அது. இசக்கி என்று நண்பர்கள் முன்னால் கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது என்றார். கெஜட்டிலும் மாற்றிவிடலாம் என்று விண்ணப்பம் வாங்கி வந்தார். நான் மாற்றவில்லை. அவரும் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

"என் பேர்ல ஒரு ஸ்பீஷீஸ்! ஆஃபீஸ் குரூப்ல போடணும். லிங்க் எப்ப வரும்?"

"மாசக் கடைசியில."

"விஷம் கிஷம் இல்லையே? அப்புறம் கிண்டல் பண்ணுவாங்க."

"மனுஷங்களை ஒண்ணும் செய்யாது."

"நல்ல வேளை, இசக்கின்னு வெக்கல. நினைச்சுப் பாரு, டென்மார்க்ல ஒருத்தன் உட்கார்ந்து இசக்கின்னு சொல்றதை." சிரித்தார். அவர் சிரிப்பு நன்றாக இருக்கும். அதுதான் எப்போதும் தொல்லை. "அடுத்த மாசம் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு. வந்தாலும் வருவேன்."

போனை வைத்த பிறகு பீரோவில் இருந்த பாட்டில்களை எல்லாம் எடுத்துக் கட்டிலில் வைத்தேன். தூசி தட்டத்தான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். பாட்டில்கள் இன்னும் கட்டிலில்தான். தரையில் பாய் விரித்துப் படுத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கல்லூரிக்குப் போகும் முன் தேரிக்குப் போனேன். ஆடிக் காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. போன மாதம் நான் அடையாளத்துக்குக் குச்சி நட்ட இடமெல்லாம் மூடிக் கிடந்தது. குழிகள் மட்டும் அந்தந்த இடத்தில் இருந்தன. கழுத்தை இன்னும் உயரமாகக் கட்டியிருந்தார்கள். சிவப்பு மணல், சிவப்புக் கழுத்து, உள்ளே சிவப்பாக ஒருத்தி. யாரும் பெயர் வைப்பதற்காக அவர்கள் காத்திருக்கவில்லைதான். ஆனால் நான் காத்திருந்தேன். ஒளிப்பானேன்? முதல் நாள் பார்த்ததிலிருந்து காத்திருந்தேன்.

கல்லூரியில் மதிய இடைவேளையில் ஹென்ரிக்குக்குக் கடிதம் எழுதினேன். முதலில் எழுதியது மிகவும் நாகரிகமான கடிதம். தங்கதுரை என்ற பெயருக்குப் பதிலாக இடத்தின் பெயரால் 'தேரியென்சிஸ்' என்று வைக்கலாமே என்று. யாருக்கும் வலிக்காது. அம்மாவுக்குப் பதில் சொல்லலாம், சென்னைக்கும் பதில் சொல்லலாம். எவ்வளவு அடக்கமான பெண் என்று ஹென்ரிக்கும் நினைப்பார். இரண்டு தடவை வாசித்தேன். வாசிக்க வாசிக்க எரிச்சல் வந்தது. இது தகவமைப்பு இல்லை. அனுசரித்துப் போவது. அழித்துவிட்டேன்.

பிறகு எழுதியது இது:

'தங்கதுரை என் குடும்பப் பெயர் அல்ல. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அது என் கணவரின் சொந்தப் பெயர். அவர் என்னை விட்டுப் போய்விட்டார். சிலந்தியைக் கண்டுபிடித்தவள் இசக்கி. அந்தப் பெயரையே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் மானக்கேடு. அடுத்தவரிடம் கேட்டு வாங்குவது அதைவிடக் கேவலம். தெரிந்துதான் கேட்டேன். அவர் போய்விட்டார் என்று எழுதியது இதுதான் முதல் தடவை. இந்த நாட்குறிப்பில்கூட எழுதவில்லை. அழுதேன். ஐந்தாவது பீரியட் மணி அடித்தது, முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பேரை மாத்தச் சொல்லிட்டேன்மா. இசக்கின்னு."

"இசக்கின்னா?" என்று திருப்பிக் கேட்டாள்.

"நீ வச்ச பேருதானேம்மா? எனக்கு முன்னால பொறந்த மூணும் தங்கலன்னு அந்த இசக்கியம்மனுக்கு நேர்ந்து வச்ச பேரு. அவரு கூச்சமா இருக்குன்னு சொன்னப்ப நீ பக்கத்துலதான் நின்ன. ஒரு வார்த்தை பேசல."

போனை வைத்துவிட்டாள். பாட்டில்களை மறுபடி பீரோவில் அடுக்கினேன். இந்தத் தடவை கீழ்த்தட்டு, மேல்தட்டு எல்லாவற்றிலும். கட்டிலில் நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 7, புதன்

ஹென்ரிக்கின் பதில்: 'மன்னியுங்கள். இத்தனை காலம் உங்களை வேறொருவர் பெயரால் அழைத்திருக்கிறேன். மாற்றிவிட்டேன். ஹொக்னா இசக்கியே. நீங்கள் கேட்டு வாங்கியதாக நினைக்க வேண்டாம். நான் வைக்க நினைத்ததும் உங்கள் பெயரைத்தான், அது எதுவென்றுதான் எனக்குத் தெரியவில்லை.'

மோட்டார்காரர் வந்தார். பழைய காயிலையே மறுபடி மாட்டியிருக்கிறார் என்று சந்தேகம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வெளிவந்துவிட்டது. இனி யாராலும் மாற்ற முடியாது. என்னாலும்தான்.

சென்னைக்கு லிங்க் அனுப்பினேன், கேட்டிருந்தாரே. ஒரு கேள்விக்குறி மட்டும் பதிலாக வந்தது. கேள்விக்குறிகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வகுப்பில் நுழைந்தபோது கரும்பலகை முழுக்க எழுதி வைத்திருந்தார்கள். 'ஹெச். இசக்கியே'. பிரின்சியின் கையெழுத்து; கொம்பெல்லாம் கோணல்.

"மேம், ஒரு டவுட். நாளைக்கு ஒருத்தர் வந்து இது ஹொக்னாவே இல்லைன்னு நிரூபிச்சிட்டா?"

"ஹெச். போயிடும். வேற எழுத்து வரும்."

"இசக்கி?"

"இசக்கி எங்கயும் போகமாட்டா."

பெஞ்சைத் தட்டினார்கள். பக்கத்து வகுப்பு கணக்கு மேடம் எட்டிப் பார்த்து முறைத்தார். இன்று முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜெபமணி அக்காவுக்கு மறுபடி பால்கோவா.

"சார் வாறாவளா டீச்சர்?"

"வரமாட்டாருக்கா. நாங்க பிரிஞ்சு ரொம்ப நாளாச்சு."

"அது தெரியும்லா" என்று பால்கோவாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். "நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

ஆகஸ்ட் 31, சனி

பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வந்திருக்கிறது. என் படம் சின்னதாகவும் சிலந்தி படம் பெரிதாகவும். அதுதான் முறை. பெயரைத் தமிழிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நான்கு பிரதி வாங்கினேன். ஒன்றைப் பீரோக் கதவில் ஒட்டினேன்.

அம்மா இத்தனை நாள் கழித்து இன்றுதான் கூப்பிட்டாள். எடுத்தவுடன் ஹலோ கிடையாது.

"ஏட்டி, அந்த வெள்ளக்காரருக்குத் தமிழு தெரியுமாட்டி?"

"தெரியாது. ஏன்?"

"பின்ன எப்பிடி இசக்கியேன்னு சரியாப் போட்டாரு?"

"அது லத்தீன்மா. இசக்கியோடதுன்னு அர்த்தம்."

"என்ன எழவோ. உன் தம்பி பேப்பரக் கொண்டாந்தான். தெருக்குழாயடியில எல்லாவளும் சுத்தி நின்னாளுவ. யாரு கண்டுபிடிச்சது, உம்மவளா, மருமவனான்னு கேட்டாளுவ." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நான் பேப்பர அவளுவ மூஞ்சிக்கு நேரா நீட்டிச் சத்தமாச் சொன்னேன்."

"என்னன்னு?"

"இசக்கியே!"